சூளையில் எடுத்த நிசப்தம்

மதியம் மூன்று மணி வெயிலில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பீங்கான் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தான் அன்பரசன். தோளில் ரெக்கார்டர், கையில் மைக் பை. சினிமாவில் சவுண்ட் எடுக்கிறவனுக்கு இது ஒரே நிமிட வேலை. ஆனால் சென்னையில் பஸ் ஏறியதிலிருந்து இரண்டு தடவை பாதியில் இறங்கித் திரும்பிவிடப் பார்த்தான்.

பூட்டிக் கிடந்த சூளைக் கொட்டகையின் சாவி நீலாவதியிடம் இருந்தது. பக்கத்துப் பொம்மைக் கம்பெனியில் வேலை. போன ஆடியில், இதே சூளைக்குள், இவன் படத்தின் ஷூட்டிங்கில் செத்துப்போன காத்தவராயனின் மனைவி.

"வாங்க தம்பி. சாப்ட்டீங்களா?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் ஊமையாக இருந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அது வாய் திறந்த பிறகு வந்த வினை. பேச்சுக்கு நடுவே ஒன்றுமே இல்லாமல் விட்டால், தியேட்டரில் ஸ்பீக்கர் செத்துவிட்டது போலிருக்கும். அதனால் ஷாட் முடிந்ததும் அந்த இடத்தின் நிசப்தத்தையே ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். யார் எங்கே நின்றார்களோ அங்கேயே நிற்க வேண்டும். ஹீரோவாகவே இருந்தாலும் தும்மக் கூடாது. அந்த ஒரு நிமிடத்துக்கு சவுண்ட்காரன்தான் ராஜா.

அன்றைக்குச் சூளை எரிகிற மாதிரி ஷாட். காத்தவராயன் கரிச்சட்டியோடு உள்ளே உட்கார்ந்து, சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் புகை விட வேண்டும். நிஜச் சூளைக்குச் செய்வது போலவே வாசலைச் செங்கல் அடுக்கி, மண் பூசி அடைத்தார்கள். ஷாட் ஓகே. வாசலைப் பிரிக்கச் சொல்லி டைரக்டர் வாயெடுப்பதற்குள் அன்பரசன் கையைத் தூக்கிவிட்டான்.

"ரூம் டோன் சார். ஒருத்தரும் நகராதீங்க."

ஹெட்போனில் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டடி கனச் சுவர்; நின்றிருந்த யாருக்கும் கேட்கவில்லை. ஓட்டையோரம் தொங்கிய மைக்குக்கு மட்டும் கேட்டது. செட் போடுகிறவர்கள் எங்கோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து எரிந்து விழுந்தான். "எவன்யா அது? இன்னொன்னு போலாம்." இரண்டாவது டேக்கிலும் தட்டல், கொஞ்சம் மெதுவாக. மறுபடியும் கத்தினான்.

மூன்றாவது டேக் சுத்தமாக இருந்தது.

வாசலைப் பிரித்தபோது காத்தவராயன் செங்கலை ஒட்டிச் சரிந்து கிடந்தார். கரிப்புகை.

ஏதாவது சத்தம் கேட்டதா என்று போலீஸ் கேட்டது. இல்லைங்க என்றான். அன்று மாலையே லாட்ஜில் உட்கார்ந்து முதல் இரண்டு டேக்கையும் அழித்தான். படம் முழுக்க, யாரும் பேசாத இடத்திலெல்லாம், அந்த மூன்றாவது டேக்கைத்தான் பரப்பி வைத்தார்கள். அது என்ன நிசப்தம் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கடைசி மிக்ஸிங்கில் அதற்குள்ளிருந்து தட்டல் கேட்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர், "தூங்கி எத்தன நாளாச்சு அன்பு?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதனால்தான் வேறு நிசப்தம் எடுக்க வந்திருக்கிறான்.

கொட்டகைக்குள் பழைய கரியின் வாடை. சூளை வாசலை முதலாளி மறுபடியும் செங்கல் வைத்து மூடியிருந்தார். அன்பரசன் மைக்கை வைத்தான்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா?" நீலாவதி மெதுவாகக் கேட்டாள். "அவரு கூப்புடவே இல்லன்னு போலீஸ்ல சொன்னாங்க. உக்காந்தபடியே உசுரு போயிருக்கும், தவிச்சிருக்க மாட்டாருன்னாங்க. அத நெனச்சித்தான் ராத்திரி கண்ண மூடறேன். நெஜந்தானுங்களே?"

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

முதலில் ஒன்றுமில்லை. ரோட்டில் போகிற லாரி இல்லை. காக்கை இல்லை. தன் மூச்சுகூட இல்லை.

பிறகு ஒரு இருமல்.

பிறகு தட்டல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். நீலாவதி அதை எடுத்துத் தன் காதில் வைத்தாள். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள். அவள் முகம் இளகியது.

"அமைதியா இருக்குது தம்பி. தூங்கறாப்பல இருக்குது."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆமாக்கா என்று தலையாட்டிவிட்டு ஆட்டோ ஏறியிருக்கலாம். ஆனால் ஹெட்போன் அவள் காதில் இருக்கும்போதே அவன் காதில் தட்டல் விழுந்தது. சுவரிலிருந்து நேராக வந்தது.

"கேட்டுச்சுக்கா." என்றான். "அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவ. யாரோ ஆணி அடிக்கிறாங்கன்னு நெனச்சி, தொறக்க விடாம நான்தான் நிறுத்தி வச்சேன். போலீஸ்ல பொய் சொன்னேன். பாவிக்கா நான்."

நீலாவதி அவனைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"தட்டினாரா?"

"தட்டினாருக்கா."

சொன்ன மாத்திரத்தில் அவன் காதில் தட்டல் நின்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தட்டல் கலக்காமல் ரோட்டு இரைச்சல் கேட்டது, காக்கை கேட்டது. அப்பாடா என்று நெஞ்சுப் பாரம் இறங்கியது. அந்த நிம்மதிக்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நீலாவதி தலையைச் சாய்த்தாள்.

"கேக்குது," என்றாள்.

"அக்கா?"

"இப்ப எனக்குக் கேக்குது தம்பி."

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சூளை வாசலுக்கு ஓடி, விரல்களால் செங்கல் இடுக்கைப் பிறாண்டினாள். "இருய்யா... வந்துட்டேன், இருய்யா..." நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அன்பரசன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஒண்ணுமில்லக்கா! உள்ள யாருமில்ல! எனக்கு ஒரு சத்தமும் கேக்கல!"

இருவரும் இரண்டடி பின்னால் வந்து நின்றார்கள். வாசலை யாரும் தொடவில்லை.

செங்கல்லில் பூசிய காய்ந்த மண் கொஞ்சம் உதிர்ந்தது. நின்றது. மறுபடியும் உதிர்ந்தது. ஒவ்வொரு தடவை உதிரும்போதும் நீலாவதியின் உடம்பு தூக்கிப்போட்டது.

அவன் காதில் மட்டும் ஒன்றுமே விழவில்லை.