ஒன்பதாம் கண்ணறை

இருந்தவர்கள்:
தணிகாசலம், முறைத் தலைவர்.
பரிபூரணம், மதகு.
நஸ்ரீன், பம்பு.
தாவீது, தாழ்காப்பாளர். கதவுச் சாவியும் இவர் பொறுப்பு.

பெட்டகம் ஒவ்வொரு சுற்றிலும் இந்த நான்கு பெயர்களையும் வாசிக்கும். வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் செவிமுளை நாடித்துடிப்பைக் கொண்டு இருப்பைச் சொல்லிவிடும். அன்று சாயங்காலமும் நான்கு பேரும் இருந்தார்கள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. தாவீது டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

மறதிக் காய்ச்சல் வந்துபோன பிறகு பெரியவர்கள் யார் மண்டையிலும் அன்றைய பொழுதைத் தவிர எதுவும் தங்குவதில்லை. பேச்சு மறக்கவில்லை, நடை மறக்கவில்லை. மற்றதெல்லாம், கட்டியவளின் பெயர் உட்பட, பெட்டகத்தில்தான். ஆளுக்கொன்று கொடுக்க நாட்டில் பெட்டகம் இல்லாததால் ஒரு நிலையத்துக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். வடக்குக் கடற்சுவரின் ஏழாம் மதகில் நான்கு பேரின் வாழ்க்கை ஒரே இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. மதகை இயக்கும் முறையும் அதே பெட்டிக்குள்தான்.

பெட்டிக்குள் நூறு கண்ணறைகள். எது எந்தக் கண்ணறைக்குப் போகும் என்று மனிதர் முடிவு செய்வதில்லை. ஒரு விஷயத்தின் பெயரைப் பெட்டகம் மாவாக அரைக்கும். அரைத்து வரும் எண்தான் அதன் இடம். பொறியாளர்கள் இதை ஹாஷ் என்றார்கள், நிலையத்தில் அரைவை. அரைவைக்கு உறவும் தெரியாது, மட்டுமரியாதையும் தெரியாது. அதனால் ஒன்பதாம் கண்ணறையில் பரிபூரணத்தின் மகள் கிருபாவின் முகமும், மதகுப் பலகையை இறக்கும் சங்கேதச் சொல்லும் தோளோடு தோள் உரசிக் கிடந்தன.

படிப்பதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரு கண்ணறைக்குள் போகலாம். எழுதப் போகிறவர் மட்டும் உள்ளே நுழைந்ததும் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். தாழ் வருவதற்கு முந்திய காலத்தில் ஒருவன் தன் அப்பா சாவை எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொருவன் தன் கல்யாணத்தை அதே கண்ணறையில் எழுதினான். பாதிக்குப் பாதி கலந்துபோயிற்று. முதல் ஆள் அப்பாவின் நினைவு வந்தாலே பாயசம் கேட்பான்.

"தணிகாண்ணே, டீ."

தணிகாசலம் திரும்பவில்லை. கண்ணை மூடி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு கிலோ உடம்பு. எழுதுகிறார் என்று தாவீதுக்குப் புரிந்தது. எதிர்ச் சுவரோரம் பரிபூரணமும் அதே மாதிரி கண்மூடி நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

தாவீது தாழ்ப்பலகையைப் பார்த்தான். இரண்டு சிவப்பு விளக்குகள். ஒன்பதாம் கண்ணறை, பரிபூரணம். நாற்பத்தொன்றாம் கண்ணறை, தணிகாசலம். இரண்டு பெயருக்கும் பக்கத்தில் 'காத்திருப்பு' என்று போட்டிருந்தது.

"அடப்பாவி" என்றான்.

நஸ்ரீன் பம்பை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடா?"

"அக்கா கையில ஒம்போது. அதுக்கு நாப்பத்தொண்ணு வேணும். அண்ணன் கையில நாப்பத்தொண்ணு. அவருக்கு ஒம்போது வேணும்."

"யாரு முதல்ல வுடுவா?"

"எழுத ஆரம்பிச்சா முடிக்காம வுட முடியாது. உனக்குத் தெரியாதா?"

தாழ் இரண்டு வழிகளில்தான் நீங்கும். எழுதி முடித்தால் நீங்கும். இல்லையென்றால் எழுதுகிறவர் செத்துப்போக வேண்டும். மூன்று முறை பெயர் வாசித்தும் பதில் இல்லாவிட்டால், பூட்டிய கதவுக்கு வெளியே உயிரோடு நிற்பவரானாலும், செத்தவர் என்று பெட்டகம் எடுத்துக்கொள்ளும். தாழைக் கழற்றும், அரைகுறையாக எழுதியதைத் துடைக்கும், செத்தவர் பெயரில் உள்ள அத்தனையையும் எல்லாக் கண்ணறையிலிருந்தும் வழித்துப் போட்டுவிடும்.

பரிபூரணம் கண்ணைத் திறந்தாள். "தாவீது, நாப்பத்தொண்ணுல யாரு?"

"தலைவரு."

"அண்ணே!" என்று கத்தினாள். "கிருபாவோட பழைய மூஞ்சிய எடுத்துட்டேன். புதுசு இன்னும் போடல. எம்பொண்ணுங்கற உறவு நாப்பத்தொண்ணுல கெடக்கு, அதுல முடிச்சுப் போட்டாத்தான் இது நிக்கும். சீக்கிரம் முடிங்க."

கிருபாவுக்கு அன்று காலை முன்பல் விழுந்துவிட்டதாகச் சேதி வந்திருந்தது. பிள்ளைகளை அந்தக் காய்ச்சல் தொடுவதில்லை, அவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். ஆனால் தாய்க்குத் தன் பிள்ளை முகம் மாறும்போதெல்லாம் எழுதி வைக்காவிட்டால் அடையாளம் பிசகிவிடும். மாற்றி எழுதும்போது பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க முடியும். நடுவில் ஒரு கணம் எதுவும் இருக்காது. அவள் அந்தக் கணத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

தணிகாசலமும் கண்ணைத் திறந்தார். "நான் எங்க முடிக்கறது? பலக இறக்குற வரிசைய மாத்தி எழுதறேன். பழைய வரிசைய எடுத்தாச்சு. சங்கேதம் ஒம்போதுல இருக்கு. நீதான் குந்திக்கினு இருக்கியே."

"சின்ன நம்பரு முதல்ல, பெரிய நம்பரு அப்புறம். அதான விதி?" என்றாள் பரிபூரணம். "ஒம்போதுக்கு முதல்ல வந்திருந்தா நான் முடிக்கறவரைக்கும் வெளிய நின்னிருப்பீங்க. ஏன் நாப்பத்தொண்ணுக்குள்ள போனீங்க?"

அவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"காலையிலயே எழுதியிருக்கணும்" என்றாள் நஸ்ரீன். "தூங்குனாரு. பழசுக்கு ஒரு நகல் எடுத்து வச்சிருக்கலாம். அதுக்குன்னு இருக்குற காலிக் கண்ணறை பூராவும் அண்ணாத்தே தன் கல்யாணப் பிரியாணிய எழுதி வச்சிருக்காரு. கறித்துண்டு ஒவ்வொண்ணா."

"வாய மூடு. கடல் ஏறுது."

ஏறிக்கொண்டுதான் இருந்தது. அளவுகோலின் மஞ்சள் கோட்டை நீர் நக்கியது. பலகை இறங்காவிட்டால் சுவருக்கு உள்ளே இருக்கும் முதல் வரிசை வீடுகளில் தண்ணீர் புகும்.

"கைச்சக்கரம் இருக்குல்ல" என்றாள் நஸ்ரீன். "நாலு பேரும் சுத்துனா இறங்கிடும். முதல் வரிசையில முழங்காலுக்குத் தண்ணி வரும், அவ்ளோதான். அதுக்கப்புறம் பொறுமையா பக்கத்து மதகுல வரிசைய கேட்டு..."

"கேட்டு? தாழ் தானா கழலுமா?" தணிகாசலம் தாவீதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கோ நாளைக்கோ ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளிய போயே ஆகணும். முழங்கால் தண்ணிக்கு முன்னாடியா பின்னாடியான்றதுதான் பேச்சு. சாவி உங்கிட்ட இருக்கு."

நஸ்ரீன் பம்புக்குத் திரும்பிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

தாவீது யோசித்தான். தப்பு யார் மேல் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. தணிகாசலத்தை வெளியே தள்ளினால் பரிபூரணத்துக்கு நாற்பத்தொன்று கிடைக்கும், மகளின் முகத்தை எழுதி முடிப்பாள். வரிசை அழிந்துபோகும். கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருக்கும், கையில் கொப்புளம் போடும். அதற்கு முன்னால் தொண்ணூறு கிலோவைத் தரையில் இழுக்க வேண்டும். அவர் கடிப்பார், உதைப்பார். பரிபூரணம் என்றால் தானே நடந்து போவாள். தாவீதின் யோசனை அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போயிருந்தால் அவனுக்கு உறக்கம் கெட்டிருக்கும். கெட்டாலும் எழுதி வைக்காவிட்டால் காலையில் போய்விடும்.

"பூரணக்கா" என்றான். "அவரு எப்படியும் முடிப்பாரு. அதுக்குள்ள உன் பக்கத்த ரெடி பண்ணிக்க. பொண்ணு வெளிய படியிலதான் நிக்குது. கிட்டப் போய்ப் பாத்துக்க. நல்லாப் பாத்துக்கிட்டா நாப்பத்தொண்ணு கெடச்சதும் ஒரே மூச்சுல எழுதிடலாம்."

சாயங்காலங்களில் அது வழக்கம்தான். நிலையத்து ஆட்கள் வெளியே வாழ முடியாது, சுவர் செவிமுளையை மறைத்துவிடும். கதவைத் திறந்து வைத்தால் வாசற்படிவரை எட்டும். டீ நேரத்தில் குடும்பத்தார் வந்து படியில் நிற்பார்கள். கதவு திறந்திருக்கும்வரை பெட்டகத்துக்கு எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள்.

பரிபூரணம் அவன் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவா?"

"தாழ் என் பொறுப்புக்கா."

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

தாவீது சாவியைத் திருகிக் கதவைத் திறந்தான். உப்புக்காற்று உள்ளே அடித்தது. படியில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி சித்தியின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா! பல்லு தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன்!"

பரிபூரணம் படியில் இறங்கி மண்டி போட்டாள். முன்பின் தெரியாதவர் பிள்ளையைத் தொடுகிற தயக்கத்தோடு அந்தச் சிறுமியின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். தனக்கு ஒரு மகள் உண்டு, பெயர் கிருபா, அவ்வளவு தெரியும். இதுவா அது என்று தெரியவில்லை.

"நீதான கிருபா?"

"ஆமா." சிறுமி சிரித்தாள். "வெளையாடாத."

"சிரி. இன்னும் நல்லா சிரி. அந்தப் பக்கம் திரும்பு." விரலால் பல் விழுந்த இடத்தைத் தடவினாள். புருவத்தை, காது மடலை, நெற்றித் தழும்பை ஒவ்வொன்றாகத் தடவினாள். பாடம் படிப்பவள்போல வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். உள்ளே பெட்டகம் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தது. தணிகாசலம். பரிபூரணம். நஸ்ரீன். தாவீது. நான்கு பேரும் இருந்தார்கள்.

"அம்மா, ஏன் இப்டிப் பாக்கற?"

"இருடி கண்ணு. கொஞ்ச நேரம் அசையாத." திரும்பாமலேயே, தோளுக்கு மேலாகச் சொன்னாள்: "தாவீது, கதவ மட்டும் சாத்திடாத. இதோ பாத்து முடிச்சுட்டேன்."

"நீ பாருக்கா" என்றான் தாவீது.

கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.