பிரித்தெடுத்த தையல்

டெய்லர் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண்மணி உள்ளே வந்தபோது மணி ஒன்றே முக்கால். வெள்ளைப் பயிற்சி உடை, இடுப்பில் பழுப்பு பெல்ட், கையில் கராத்தே சண்டைக்குப் போடும் தலைக்கவசம். அதன் தாடைப் பட்டி தனியாகக் கழன்று தொங்கியது.

"இந்தப் பட்டியைத் தைச்சுக் குடுங்கண்ணே. நாலு மணிக்கு எனக்கு ஃபைனல் டெஸ்ட். நாலு மணிக்குள்ள கிடைச்சிடுமா?"

"உக்காருங்கம்மா, அரை மணி நேர வேலை" என்றார் டெய்லர்.

"அந்த டியூப்லைட்டைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா? கண்ணைக் குத்துது."

"லைட்டை அணைச்சா ஊசியில நான் எப்படிம்மா நூல் கோக்குறது?" என்று சிரித்தாலும், மனுஷர் அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இன்னொருவர் பேப்பரை மடித்தார். அவர் டெய்லருடைய அக்கா கணவர். தீயணைப்புத் துறையில் இருபத்தெட்டு வருடம், எரிந்த கட்டடங்களின் சாம்பலைக் கிளறி, தீ எந்த மூலையில் பிடித்தது, தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று கண்டுபிடித்துச் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் சாம்பல்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மதியத்தில் மச்சான் கடைதான் அவருக்கு ஆபீஸ். மச்சானோ, சட்டையில் பட்டன் போச்சு என்று யாராவது வந்தால்கூடக் கொலையாக இருக்குமோ என்று கேட்கிற ஆசாமி.

"பட்டி எப்படிம்மா பிய்ஞ்சுது?" என்று டெய்லர் கேட்டதுதான் தாமதம், அந்தப் பெண் பொலபொலவென்று கொட்டிவிட்டார்.

பஸ் ஓட்டுகிறவர். முகாமில் எல்லோருக்கும் அவர் டிரைவரக்கா. மேட்டுத் தெருவில், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் பயிற்சி முகாம். இன்று கடைசி நாள். நாலு மணிக்கு வெளியூர் வீராங்கனை ஒருத்தியோடு மூன்று சுற்று சண்டை. தாக்குப்பிடித்தால் பிளாக் பெல்ட்.

"முப்பத்தொம்பது வயசாகுது சார். அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிடும். ஏற்கெனவே ரெண்டு தடவை தோத்தாச்சு. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான். அதைத் தெரிஞ்சுக்கிட்டே எவனோ என்னைக் கீழ தள்ளப் பாக்குறான்."

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் சாம்பல்காரர்.

"முதல் நாள் ஒரு வம்பும் இல்ல. அன்னிக்கு சண்டையே கிடையாது, வெறும் உதைப் பயிற்சிதான். ரெண்டாம் நாள் சாயங்காலம் சண்டைக்குக் கிளம்புறேன், மவுத் கார்டைக் காணோம். பல்லுக்கு அது இல்லாம சண்டை போடுற மேட்ல ஏற விடமாட்டாங்க. உக்காந்துட்டேன். மூணாம் நாள் கிளவுஸ் ரெண்டும் பக்கெட் தண்ணியில ஊறிக் கிடக்கு. மறுபடி உக்காந்துட்டேன். நேத்து இந்தப் பட்டி. பயிற்சியில உக்காந்தா மன்னிச்சிடுவாங்க. இன்னிக்கு மன்னிப்பு கிடையாது."

"யார் மேல சந்தேகம்?"

"உதவிப் பயிற்சியாளர் ஒருத்தர் இருக்கார், விசில்னு கூப்பிடுவோம். எப்பப் பாத்தாலும் 'அக்கா, இது பஸ் இல்ல, ரிவர்ஸ் எடுக்க முடியாது'ன்னு என் வயசை வச்சே நக்கல். அவரா இருக்கலாம்."

"ரூம்ல கூட யாரு?"

"பன்னு. பேக்கரியில வேலை பாக்குற பொண்ணு. தங்கமானவ சார். மவுத் கார்டு காணாமப் போனப்ப என்கூடக் கட்டிலுக்கு அடியில எல்லாம் தவழ்ந்து தேடினா."

டெய்லர் டீ வரவழைத்தார். அந்தப் பெண் ஒரு வாய் எடுத்தார், முகம் சுளித்து டம்ளரைத் தள்ளி வைத்தார். இந்த நாலு நாளாகச் சாப்பாட்டு வாசனையே குமட்டுகிறது, எல்லாம் பயம்தான் என்றார். பிறகு எழுந்து, "நாலு மணிக்குள்ள கிடைச்சிடுமா?" என்று கேட்டார்.

"மூணேகாலுக்கு நாங்களே கொண்டாந்து தர்றோம்" என்றார் சாம்பல்காரர்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். இரண்டு நிமிடம் கழித்து டெய்லர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கூவினார்.

"அத்தான்! அந்தம்மா அவங்க வலது செருப்பும் என் இடது செருப்பும் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க! என் செருப்பு பத்தாம் நம்பர்! இது கூடவா தெரியாது?"

சாம்பல்காரர் சிரிக்கவில்லை. தெருவில் அந்தப் பெண் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதில் ஓரமாக, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து போனார் அவர்.

"மச்சான், பட்டியைப் பாத்தியா? அறுத்திருக்கா, பிய்ச்சிருக்கா?"

டெய்லர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் இல்ல அத்தான். தையலைப் பிரிச்சிருக்காங்க. ஊசி நுனியால ஒவ்வொரு கண்ணியா எடுத்திருக்காங்க. துணியில ஒரு கீறல் கிடையாது. பழைய ஓட்டையிலயே நான் திரும்பத் தைக்கலாம். இப்படிப் பிரிக்க எனக்கே அரை மணி ஆகும். யாரோ நம்ம தொழில்காரன்தான் குற்றவாளி!"

"இல்ல, பொறுமைசாலி. நீ தை. நான் முன்னால போறேன்."

"ஏன் அவசரம்?"

"அந்தம்மா சண்டை போடக் கூடாது மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். டெய்லருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. எட்டே நிமிடத்தில் தைத்து முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒற்றைச் செருப்போடு மேட்டுத் தெருவில் ஓடினார்.

பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஹாலுக்கு வெளியே சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று முகாம் விதிகள். இன்னொன்று ஐந்து நாளுக்கான சண்டைப் பட்டியல். பக்கத்து மேஜையில் பயிற்சிக்கு வந்தவர்களின் நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு நாளும் கற்றதை எழுதி, முகாம் நடத்தும் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டெய்லர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது சாம்பல்காரர் டிரைவரக்காவின் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"பட்டியலைப் படி" என்றார்.

"முதல் நாள் சாயங்காலம். டிரைவரக்கா, பன்னு. மூணு சுற்று. பக்கத்துல டிக் போட்டிருக்கு." டெய்லர் நிமிர்ந்தார். "முதல் நாள் சண்டையே இல்லைன்னாங்களே! பொய் சொல்லிட்டாங்க அத்தான்!"

"பொய் இல்ல. இதையும் பாரு."

முதல் நாள் காலைப் பக்கம் அச்சடித்த மாதிரி இருந்தது. சாயங்காலப் பக்கத்தில் எழுத்து கோட்டை விட்டுச் சரிந்து சரிந்து இறங்கி, நாலாவது வரியில் பாதி வார்த்தையோடு நின்றது. டெய்லர் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

மணி மூன்று இருபது. ஹாலின் நடுவில் நீல மேட் விரித்திருந்தது. வெளியூர் வீராங்கனை மூலையில் குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். டிரைவரக்கா கிளவுஸ் மாட்டிக்கொண்டிருந்தார். சாம்பல்காரர் மாஸ்டரிடம் பத்து நிமிடம் கேட்டார். நரைத்த தாடிக்குள் மாஸ்டர் முணுமுணுத்தார், ஆனாலும் தலையசைத்தார். விசிலும் பன்னும் அழைக்கப்பட்டார்கள். பன்னுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வந்து நின்றவள், டெய்லர் கையிலிருந்த தலைக்கவசத்தில் பட்டி திரும்பத் தைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தாள், அப்படியே வெளுத்துப் போனாள்.

"யார் சார் அது? இவர்தானே?" என்று டிரைவரக்கா விசிலைக் கை காட்டினார்.

"ஐயோ, நானா? வாயைத் தவிர என்கிட்ட வேற குத்தம் இல்ல சார்!" என்று விசில் அலறினார்.

"அவர் இல்ல" என்றார் சாம்பல்காரர். "எரிஞ்ச வீட்டுல நான் முதல்ல பாக்குறது, என்னென்ன எரியாம மிஞ்சியிருக்குன்னுதான். இங்கேயும் அப்படித்தான். பெல்ட் போகல, உடை போகல, நோட்டு போகல. காலைப் பயிற்சிக்கு வேண்டிய எதையும் யாரும் தொடல. போனது மூணும் சண்டைக்கு மட்டும் வேண்டிய சாமான். அதுவும் ஒவ்வொண்ணும் சண்டைக்குக் கொஞ்சம் முன்னாடி."

"நான் தோக்கணும்னுதானே செஞ்சிருக்காங்க!"

"உங்களை அடிபட வைக்கணும்னா பட்டியைப் பாதி பிரிச்சு விட்டிருப்பாங்க. சண்டை நடுவுல கழன்றிருக்கும். இது முழுசா பிரிச்சு, கண்ணுல படுற மாதிரி வச்சிருந்துச்சு. அதுவும் துணிக்கு வலிக்காம, திரும்பத் தைக்கிற மாதிரி. கிளவுஸைக் கிழிக்கல, நனைச்சாங்க. காஞ்சா சரியாயிடும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் வரக்கூடாது, ஆனா நீங்க மேட்ல ஏறக்கூடாது. அப்படி நினைக்கிற ஆள் எதிரி இல்லம்மா."

ஹாலில் குதித்துக்கொண்டிருந்த பெண்ணும் நின்றுவிட்டாள்.

"அரை மணி நேரம் ரூம்ல உக்காந்து தையல் பிரிக்க யாரால முடியும்? கூடத் தங்குறவங்களால. அது சுலபம். ஏன் செஞ்சாங்கங்கறதுதான் கேள்வி. அதுக்குப் பதில் நீங்கதான் கொண்டு வந்தீங்க. வெளிச்சம் கண்ணைக் குத்துது. நாலு நாளா குமட்டல். கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்குறீங்க. சுவரைப் பிடிச்சு நடக்குறீங்க. இப்பவும் உங்க இடது கால்ல என் மச்சானோட செருப்பைத்தான் போட்டுக்கிட்டு வந்தீங்க, வாசல்ல கிடக்கு. முதல் நாள் சண்டையே இல்லைன்னீங்க. ஆனா மூணு சுற்று சண்டை போட்டதாப் பட்டியல் சொல்லுது. அது உங்க ஞாபகத்துலயே இல்ல."

"நான் சண்டை..." டிரைவரக்கா பட்டியல் இருந்த சுவர்ப் பக்கம் திரும்பினார். "இல்லையே. அன்னிக்கு உதைப் பயிற்சிதானே?"

சாம்பல்காரர் பன்னின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடி எங்கம்மா பட்டுது?"

பன்னு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் மட்டும் வழிந்தது.

"அவ சொல்ல மாட்டா" என்றார் சாம்பல்காரர். "ஏன்னு வெளிச்சுவர்ல எழுதியிருக்கு. மூணாவது விதி. சண்டையில இணையா நின்னவங்க ரகசியமாச் சொன்னதை, அவங்க அனுமதி இல்லாம வெளிய சொல்லக் கூடாது. முதல் நாள் எல்லாரும் மண்டியிட்டு உறுதி எடுத்தது. தலையில அடிபட்டா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவீங்க, இல்லையா மாஸ்டர்? அது நாலாவது விதி. அதனால அடிபட்டவங்க என்ன செஞ்சிருப்பாங்க? யார்கிட்டயும் சொல்லாதேன்னு இந்தப் பொண்ணுகிட்ட வாக்கு வாங்கியிருப்பாங்க. வாக்கு வாங்கினதையே அப்புறம் மறந்துட்டாங்க. இவ மறக்கல. சொல்லவும் முடியல, சண்டைக்கு விடவும் முடியல. நாலு நாளா தனியா அல்லாடியிருக்கா."

மாஸ்டருடைய முகத்தில் ரத்தமே இல்லை. "கட்டுப்பாடா இருக்கட்டும்னு நான்தான் அந்த விதியை எழுதினேன்" என்றார்.

"முதல் அடி ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா உயிரே போயிடும் மாஸ்டர். மணி மூணு முப்பத்தஞ்சு."

டிரைவரக்கா மேட் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாரும் சேர்ந்து நாடகமாடுறீங்க! எனக்கு ஒண்ணும் இல்ல! நான் இன்னிக்குச் சண்டை போடுவேன்! இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு!" எழுந்திருக்கப் பார்த்தார். ஹால் ஒரு சுற்று சுற்றியது. விழாமல் பிடித்துக்கொண்டது பன்னுதான்.

விசில் ஒரு நக்கலும் இல்லாமல் ஓடிப்போய் வண்டியை எடுத்தார். மாஸ்டர் வெளியே வந்து, சுவரில் இருந்த விதித்தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். தன் செருப்பு திரும்பக் கிடைத்ததைக்கூட டெய்லர் கவனிக்கவில்லை. வண்டி வளைவில் மறையும் வரை நின்றார்.

"பிழைச்சுக்குவாங்களா அத்தான்?"

"தெரியல மச்சான். நேரத்தோட போறாங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வண்டிக்குள் டிரைவரக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். "என் மவுத் கார்டு கிடைச்சுதா?" என்று கேட்டார். பன்னு தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மவுத் கார்டு கழுவித் துடைத்து சுத்தமாக இருந்தது. ரெண்டு சிக்னல் தாண்டியதும் அவர் மறுபடி கேட்டார், "என் மவுத் கார்டு கிடைச்சுதா?"

"கிடைச்சிடுச்சுக்கா. உங்க கையிலதான் இருக்கு."

அவர் குனிந்து கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. நாலு நாளாக யாரோ ஒரு எதிரிக்குப் பயந்தவர், இப்போது தன் தலைக்கே பயந்தார். பன்னின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நர்ஸிடம் ஸ்கேனுக்குச் சொன்னார். பிறகு கட்டிலருகே குனிந்து கேட்டார். "அடி எப்ப பட்டுது? எந்தப் பக்கம்? மயக்கம் போட்டீங்களா? எவ்வளவு நேரம்? சரியாச் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம்."

டிரைவரக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. தேடித் தேடிப் பார்த்தார், அந்தச் சாயங்காலம் இருந்த இடம் காலியாக இருந்தது. திரும்பிப் பன்னைப் பார்த்தார். அவளுக்குத்தான் எல்லாம் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டு அக்கா முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"சொல்லுடி" என்றார் டிரைவரக்கா. "வாக்கு வாங்கினவ நான்தானே? நான்தான் இப்பக் கேக்குறேன். எல்லாத்தையும் சொல்லு."

பன்னு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே, இடது காதுக்கு மேலே, இரண்டாவது சுற்று, தன் வலது கால் என்று ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் வேகமாக எழுதிக்கொண்டார்.