நாற்பத்தொன்றாம் விண்மீன்

அரை மணி நேரத்துக்கு முன் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்த நாற்பத்தொன்றாம் விண்மீன் இப்போது விலகிப் போய்க்கொண்டிருந்தது.

மலை உச்சி வானாய்வகத்தின் கீழ்த்தளத்தில், அவன் திரையிலிருந்த இரண்டு வேக எண்களையும் மறுபடி பார்த்தான். அந்தக் கிழட்டு விண்மீன் கொத்தில் இரட்டைகளைத் தேடுவதுதான் அவன் வேலை. ஒரு விண்மீன் முன்னும் பின்னும் ஆடினால், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று அதைச் சுற்றிவந்து இழுக்கிறது. அந்த ஆட்டத்துக்குப் பல நாள் பிடிக்கும். அரை மணியில் திரும்பாது.

காலையில் இறுதிப் பட்டியல் போக வேண்டும். அதில் நாற்பத்தொன்றுக்கு நேரே ‘தனி’ என்று இருந்தது.

அது ஆடுகிறது என்று முதலில் சொன்னவள், அதே குழுவில் வேலை பார்த்த அவன் மனைவி. “ஆடுறது நட்சத்திரம் இல்லம்மா, உன் கணக்கு,” என்றான், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும். சிரித்தார்கள். அன்றிரவு அவளுடைய மூன்று அளவுகளைச் சரிபார்த்தான். பிழை இல்லை. ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி நீக்கினான். மீண்டும் அளக்க, மழையில், இந்த மலைப்பாதையில் தனியாக வண்டி ஓட்டி வந்தாள். வந்து சேரவில்லை. எதற்குக் கிளம்பினாள் என்று இழவு வீட்டில் மாமனார் கேட்டார். “தெரியல மாமா.”

இன்று அது அசையாமல் நிற்க வேண்டும், அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தான்.

“என்ன சார், வயசான நட்சத்திரம், தூங்க விடுங்களேன்,” மேல்தளத்திலிருந்து ஸ்பீக்கரில் தொலைநோக்கி ஆபரேட்டர்.

“பக்கத்துல உள்ளதுக்குத் திருப்புங்க.”

நாற்பது. அதே ஆட்டம். கொத்தின் மறு ஓரத்தில் அறுபத்தெட்டு. அதே ஆட்டம், அதே தாளத்தில்.

“எல்லாம் ஒண்ணா ஆடுதா? அப்ப அதுங்க ஆடல சார். நாமதான் ஆடுறோம்.” சிரித்தார். “கருவியில ஏதும் கோளாறா?”

“மறுபடி நாற்பத்தொன்றுக்கே திருப்புங்க,” என்றான்.

“சரி, தானா ஓடட்டும். டீ குடிச்சிட்டு வரேன்.”

கதவு சாத்தும் ஓசை, படிகளில் இறங்கும் செருப்பு, பிறகு ஏசியின் முனகலும், சூடேறிய கம்பிகளின் வாடையும், சிவப்பு விளக்கில் சுவரோடு ஒட்டிக் கிடந்த அவன் நிழலும் மட்டும். எண்கள் வந்துகொண்டிருந்தன. இப்போது ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். பிறகு நான்கு. கண்ணுக்குத் தெரியாமல் இங்கே சுற்றுவது நெருங்கினால்தான் நேரம் குறையும்.

ஒரு நிமிடம்.

“நீ சொன்னது சரி,” என்றான் அவளிடம். “நான்தான் அழிச்சேன்.”

இருபது நொடி.

மேசையில் தண்ணீர் டம்ளர். நீர் வலப்பக்கம் சாய்ந்து ஏறியது. அங்கே யாரும் இல்லை. எதிர்ப்பக்கம். இடப்பக்கம். மெதுவாக, வழியாமல்.

பிறகு அவனை நோக்கி. அங்கேயே நின்றது.

பேனா உருண்டு வந்தது. காகிதங்கள். அவன் தலைமுடி பின்னோக்கி இழுபட்டது.

அவன் திரும்பவில்லை.

நீர் விளிம்பைத் தாண்டி, சொட்டாமல், அவன் தோளுக்குப் பின்னால் இருந்த எதையோ நோக்கி நீண்டுகொண்டே வந்தது.