பெரட்டுச் செயலி

புஷ்பம் எழுத்துக் கூட்டி மூன்று முறை படித்தாள். செயலிக் கடைக்காரர்கள் அனுப்பிய பதில் மாறவில்லை. ‘ஸ்பேம். இதே குரலோடு இதே செயலி ஏற்கெனவே கடையில் இருக்கிறது. உங்களுடையதை ஏற்க முடியாது.’

இதே குரலா? கதவைச் சாத்திக்கொண்டு இந்த அறையில் பேசிப் பதிந்தது அவள்தானே.

போன வருடம் மலை சரிந்து தோட்டத்துக் கீழ் லயம், வீட்டு வரிசை முழுதும், மண்ணுக்குள் போனபோது, கூப்பிட்டு எழுப்ப ஆளில்லை. அதற்காகத்தான் கத்தாரில் இருக்கும் மகன் நிரோஷன் தூக்கம் கெட்டு இதைச் செய்தான். மழை மிஞ்சினால், காலைப் பெரட்டில் கங்காணி ஆள் கணக்கெடுக்க வேலையாட்களைக் கூப்பிடுவதுபோல மேல் லயத்து நாற்பது வீட்டையும் அது பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொன்னவர்கள் கோயில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

போன் அடித்தது.

“அம்மா, பேர் லிஸ்ட்ட யாருக்கும் குடுத்தீங்களா?”

“குடுக்க எனக்கு யாருடா இருக்கா?”

“சரி, திருப்பி எழுதியிருக்கேன். பதில் வர ரெண்டு நாளாகும்.”

“மழை அதுவரைக்கும் பொறுக்குமா?”

நாலாம் நாள் மழை. பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி வாசலை மறைத்திருக்க, தகரம் ஓயாமல் இரைய, கொடியில் காயாத ரப்பர் பால்வெட்டுச் சட்டையின் புளித்த வாடைக்கு அடியில் புதிதாக வெட்டிய மண்ணின் வாடை ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு நடராஜா சுவருக்கு அப்பாலிருந்து கத்தினான்.

“அக்கா! ஒங்க மகன் செஞ்ச ஆப்பு கடையில வந்திருச்சு! லயமே போட்டாச்சு. என்னா கொரலு! கங்காணி தோத்தாரு போங்க!”

“ஐயோ, அது எங்களுது இல்ல நடராஜா, அழிச்சிருங்க...”

முடிக்கவில்லை. எல்லா வீட்டுப் போனிலிருந்தும் அவள் குரல் எழுந்தது.

“சுகந்தினி!”

கீழ் லயத்துச் சுகந்தினி. மண்ணிலிருந்து எடுக்கவே முடியாதவள். புஷ்பம் அந்தப் பெயரைப் பதியவே இல்லை.

“சுகந்தினி!”

மூன்றாம் தடவையும் பதில் இல்லையென்றால் பெரட்டில் பேர் விழாது; அன்றைய நாள்கூலி போச்சு. பிந்தி வருகிறவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் குரல் கொடுப்பாள். சுகந்தினிக்காக இருபது வருடம் குரல் கொடுத்த வாய் தானாகத் திறந்தது.

“இருக்கா. வந்துக்கிட்டு இருக்கா.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

தகரம் அடங்கியது. மழை நிற்கவில்லை. சத்தம் மட்டும் நின்றது.

“நடராஜா!”

“இருக்கேன்!” சுவருக்கு அப்பால்.

அடுத்த பெயர். “இருக்கேன்.” அடுத்தது. “இருக்கேன்.” கதவுகள் திறந்தன. ஒன்று. பிறகு ஒன்று.

புஷ்பம் வாசலுக்கு ஓடினாள்.

“போகாதீங்க!”

“வாங்க,” என்றது நாற்பது போனிலும் அவள் குரல்.

யாரும் திரும்பவில்லை. எது அவள், எது அது?

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு லயமே வரிசையாக நடந்தது. கோயில் மேட்டுக்கு அல்ல. கீழே. சரிவுக்கு. பிள்ளைகளும்.

முன்னால் ஒருத்தி. தலையில் சாக்கு இல்லை. கொட்டுகிற மழையிலும் கரையாத சிவப்பு மண் அவள் முடியெல்லாம். நடராஜாவின் கையைப் பிடித்திருந்தாள்.