செண்பகராமனின் வண்டி ஏன் ஒழுகியது

செண்பகராமனின் மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலில் நின்றதும், மெக்கானிக் பேச்சிக்கனி தரையைத்தான் பார்த்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"மறுபடியுமா சார்?"

"மறுபடியும்தான்," என்றான். வண்டி ஒழுகுகிற மனிதனின் முகம் அப்படி மலர்ந்திருக்கக் கூடாது.

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத வண்டி. பூசை போட்ட அன்று சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் தோல் இன்னும் மட்கார்டுக்குள் காய்ந்து ஒட்டியிருந்தது. கடற்பாசிச் சாற்றில் ஓடுகிற புது மாதிரி எஞ்சின். என்ன சாற்றில் ஓடினாலும் எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டும், அந்த எண்ணெய் உள்ளே இருக்கவும் வேண்டும்.

பேச்சிக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் மேலாளர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: இன்று மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் வண்டி ஆலைக்குத் திரும்பும், பேச்சிக்கனி ஆறு மாதம் ஓசூருக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும். தூத்துக்குடியிலேயே கெட்டிக்காரி என்று பேரெடுத்தவளுக்குப் பயிற்சி!

எஞ்சினைத் துடைத்து, அடிப்பாகம் முழுக்க முகப்பவுடரைத் தட்டி, வண்டியை ஓடவிட்டாள். பவுடரில் முதலில் எங்கே ஈரம் படுகிறதோ அங்கேதான் ஒழுகல். அதே இடம். அடியில் இருக்கும் எண்ணெய் போல்ட்.

"வாசர் புதுசு, மரை புதுசு. நான் முறுக்கும்போது அறிமுறுக்கியே 'போதும்'னு பச்சை விளக்குப் போட்டுது. பெறவு எப்படி கழலும்?"

அறிமுறுக்கி என்பது அவள் கையிலிருந்த ஸ்பேனர். அதிலும் மகிழுணரி உண்டு. மகிழுணரி இல்லாத சாமான் இப்போது ஏது? பிடித்திருப்பவரின் நாடியையும் உள்ளங்கை வியர்வையையும் படித்து, அவருக்கு எது சந்தோஷமோ அதைக் கூடுதலாகச் செய்யும். மின்விசிறி பிடித்த வேகத்தில் சுற்றும். காபிக்கலம் கேட்காமலே சிக்கரியைக் கூட்டும். ஆனால் படித்ததை உரியவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்லாது. பல குடும்பங்கள் இன்னும் உடையாமல் இருப்பது அந்தச் சட்டத்தால்தான்.

பேச்சிக்கனி திடீரென்று நிமிர்ந்தாள். "ஊர்ல எல்லாரையும் கேட்டாச்சு. வண்டியை மட்டும் கேக்கலியே! அனுமதி குடுங்க சார்."

செண்பகராமனின் முகம் வெளிறியது. துறைமுகத்தில் ராட்சதப் பாரந்தூக்கியை ஓட்டுகிறவன், அப்போது ஒரு அடி பின்வாங்கினான். "அதெல்லாம் எதுக்குங்க? ஆலைக்கே அனுப்பிருங்களேன்."

"அனுப்பினா நான் ஓசூர் போணும். ஆறு மாசம்."

"நீங்களா? ஓசூருக்கா?"

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். வெட்கமா, அவள் பேரா? பெரிதாக யோசிக்கவில்லை. வண்டியின் பக்கம் திரும்பி, "சொல்லு. அனுமதி குடுத்தாச்சு," என்றான்.

வண்டி மிகவும் பணிவாகப் பேசியது. "உரிமையாளர் வீட்டில் சுமாரான மகிழ்ச்சியில் இருக்கிறார். வேலையிடத்தில் அதுவும் இல்லை. முதல் இலவச சர்வீசுக்கு இந்தப் பட்டறைக்குள் நுழைந்தபோது உச்சத்தில் இருந்தார். நான் ஒழுகினால் இங்கே வருகிறார். ஆகவே எஞ்சினை உதறிப் போல்ட்டைத் தளர்த்துகிறேன்."

பேச்சிக்கனி காதுவரை சிவந்துபோனாள்.

"பட்டறை அவ்வளவு பிடிக்குமா சார்?"

"பட்டறை இல்லீங்க," என்றான் செண்பகராமன். இதற்குமேல் மறைக்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

"ஒரு விளக்கம்," என்றது வண்டி, யாரும் கேட்காமலேயே. "என் உதறலில் கால் சுற்றுதான் தளரும். அதற்கெல்லாம் எண்ணெய் ஒழுகாது. இங்கிருந்து கிளம்பும்போதே போல்ட் முழுதாக இறுகியிருப்பதில்லை."

"யாரைப் பாத்து என்ன பேசுத நீ?" என்று பேச்சிக்கனி எகிறினாள். "நான் முறுக்கின போல்ட்டா எறுகல?"

சொல்லி முடிக்குமுன் அவள் பார்வை தன் கையிலிருந்த அறிமுறுக்கியின்மேல் விழுந்தது. இவன் வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளங்கையில்தான் அது இருந்திருக்கிறது. இறுகாத போல்ட்டுக்குப் பச்சை விளக்குப் போட்டது அதுதான்.

செண்பகராமனுக்கும் மெல்ல விளங்கியது. அவன் முகம் மறுபடி மலர்ந்தது. "அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?"

"அதுக்கு என் அனுமதி வேணும்."

அவள் அறிமுறுக்கியின் விசையை அணைத்து, அதைப் பெட்டிக்குள் போட்டாள். மகிழுணரி இல்லாத, துருப்பிடித்த பழைய ஸ்பேனரைத் தேடியெடுத்து, இரண்டு கையாலும் பிடித்துப் போல்ட்டை முறுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதுகிட்ட எதுக்குக் கேக்கணும்? நானே சொல்லுதேன்."

சொன்னாள். மேலாளருக்கும் ஒரு வரி அனுப்பினாள்: காரணம் தெரிந்தது, குறை வண்டியில் இல்லை. ஓசூர்ப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருச்செந்தூருக்குக் கிளம்பினார்கள். வண்டியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஆனால் ஊரைத் தாண்டியதும் வேகம் தானாகக் குறைந்தது. மீன்கூடை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து முந்திப் போனார். செண்பகராமன் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தான். பலனில்லை.

"இப்படியே போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம். என்ன கோளாறுன்னு பாக்கியா?"

பின்னாலிருந்த பேச்சிக்கனி அவன் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்கிடலாம். இப்ப என்ன அவசரம்?"

வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகியது.