மூன்றாவது பிரதி

சனிக்கிழமை மாலை 6.50. குளிரறைக் கதவைத் திறந்தவர் காவலாளி. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி, காணாமல் போனவரின் மனைவி. மற்றவன் அவளுடைய தம்பி, அதே நிறுவனத்தில் வேலை பார்ப்பவன்.

தடுப்பூசி மருந்துகளை வைக்கும் அறை அது. உள்ளே உறைநிலைக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. கதவை ஒட்டி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த வாக்கிலேயே அவர் உயிரை விட்டிருந்தார். மேலே குளிர்ச்சட்டை இல்லை. வலது கட்டைவிரல் நகம் பிய்ந்திருந்தது. கதவோரச் சுவரில் இருந்த பச்சைப் பொத்தானில் ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் கறுப்பு மார்க்கரால், கோணல்மாணலாக, இரண்டே சொற்கள்:

கேட்கவே இல்லை.

செய்தி 7.20-க்குத் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியின் வீட்டுக்கு வந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. அரசு வேலைக்கு வருமுன் பத்து வருடம் இந்த மாதிரி இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதியவள். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கதவுப் பூட்டை இயக்கும் சின்னக் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஓடுகிறது என்றார்கள். அதை யாரும் அணைக்கக் கூடாது, ஒரு போலீஸ்காரரைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள் என்றாள்.

ஞாயிறு காலை 9.00. மேலாளர் வாசலிலேயே காத்திருந்தார். இறந்தவரை அலுவலகத்தில் எல்லாரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். டீயில் சர்க்கரை போடுவதற்கும் யோசிப்பாராம். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு இடத்தில் சறுக்கிவிட்டார் என்று சொல்லி மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவரோட தப்பாலயே அவர் போயிட்டார் மேடம். எங்க பொறியாளர்களே பார்த்துச் சொல்லிட்டாங்க.”

விஷயம் இதுதான். அந்தக் கதவு மூடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்க எண்கள் உண்டு. உள்ளிருந்து திறக்கப் பச்சைப் பொத்தான் ஒன்றுதான் வழி. அந்தப் பொத்தான் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேராகத் துண்டித்திருக்க வேண்டும். இங்கே அது கணினிக்குச் செய்தி சொல்லும், கணினிதான் பூட்டைத் திறக்கும். முதல் தப்பு அங்கேயே என்று அதிகாரி குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கணினியின் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, புதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு கர்னலைக் கட்டுமுன் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு வேண்டும், வேண்டாம் என்று பதில் சொல்லியாக வேண்டும். இந்தச் சில்லுக்கு இயக்கி, அதாவது அதை வேலை செய்யவைக்கும் நிரல், வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று. பதில்கள் எல்லாம் கான்ஃபிக் என்ற ஒரே கோப்பில் சேரும். ஒவ்வொரு முறையும் யாரும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. பழைய கோப்பைத் தேடியெடுத்து, புதிய பதிப்பில் வைத்து, புதிதாக முளைத்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்வார்கள்.

நிதானத்தின் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வரியைத் தவிர. பச்சைப் பொத்தானின் இயக்கிக்கு நேரே ‘வேண்டாம்’ என்றிருந்தது. கோப்பின் நேரம் வெள்ளி காலை 11.20.

அதிகாரி முதலில் காவலாளியிடம் பேசினாள். சனிக்கிழமை ஒரு மணிக்கே எல்லாரும் போய்விட்டார்கள், இவர் மட்டும் இரண்டு மணிக்கு வந்தார் என்றார் அவர். ஒரு வெப்பமானி தப்பாகக் காட்டுகிறது, பார்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறார். காவலாளியின் இடம் வெளிக்கேட்டில். அங்கே எந்தச் சத்தமும் வராது.

“கதவைத் திறந்ததும் என்ன நடந்துச்சு?”

“அந்தம்மா அவர் மேல விழுந்துட்டாங்க. நான் ஆளைக் கூப்பிட ஓடினேன். தம்பி அப்படியே நின்னுட்டார்.”

“எதைப் பார்த்துக்கிட்டு?”

“செவுத்தைங்க.”

“செவுத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அந்தப் பொத்தான்தான்.”

10.15. தம்பி வந்தான். முப்பது வயது இருக்கும். முகம் வீங்கியிருந்தது. அக்கா புருஷன்தான் தனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார், தொழில் கற்றுக் கொடுத்தார் என்று கேட்காமலே சொன்னான். கர்னல் கட்டும் கணினி அவர்கள் இருவர் கையில் மட்டும்தான் இருந்தது. கணக்கும் கடவுச்சொல்லும் பொது.

“வெள்ளிக்கிழமை கட்டினது யார்?”

“மாமாதான். காலையிலயே முடிச்சுட்டு, மத்தியானம் லீவு போட்டுட்டுப் போயிட்டார்.”

“கதவுக் கணினியில ஏத்தினது?”

“நான். சாயங்காலம். அவர் கட்டி வச்சதை அப்படியே ஏத்தினேன்.”

“பொத்தானை அழுத்திப் பார்த்தீங்களா?”

“அதெல்லாம் மாமா பார்ப்பார்.”

“நேத்து 2.06-க்கு உங்களுக்குப் போன் பண்ணியிருக்கார். முப்பத்தெட்டு விநாடி.”

“ஞாயித்துக்கிழமை பாப்பாவை வெளிய கூட்டிட்டுப் போறதைப் பத்திக் கேட்டார்.”

அந்தப் போனைக் குளிரறைக்கு வெளியே மேசை மேல் வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போயிருக்கிறார். குளிரில் பேட்டரி கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

12.00. இறந்தவரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. எட்டு வயதுப் பெண் காதில் பஞ்சோடு கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. மனைவி அடுக்களை வாசலில் நின்றபடியே பேசினாள். அழுது முடித்த குரல்.

“நாலு மணிக்கு வந்துடுறேன்னார். வரலை. போன் எடுக்கலை. அஞ்சரைக்குத் தம்பிக்குப் போன் பண்ணினேன். வந்துடுவார்க்கா, வேலையில உட்கார்ந்தா அவருக்கு நேரம் தெரியாதுன்னான். ஆறரை வரைக்கும் பொறுத்துப் பார்த்துட்டு, அப்புறம்தான் ரெண்டு பேரும் கிளம்பினோம்.”

மெல்லக் கேட்டாள். “கத்தியிருக்கார், இல்ல மேடம்? யாருக்குமே கேட்கலைன்னுதானே எழுதி வச்சிருக்கார். அந்த நேரத்துல நான் துணி மடிச்சுக்கிட்டு டிவி பார்த்துட்டிருந்தேன்.”

பேச்சை மாற்றுவதற்காக அதிகாரி பெண்ணின் காதைப் பற்றிக் கேட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூவரும் காது டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அங்கே ஒரே கூட்டம். மூன்று மணிக்குப் போனவர்கள் வெளியே வர ஐந்தரை ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் பெண் அவர் தோளில்தான் தூங்கினாள். டாக்டர் சீட்டு பிரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டியிருந்தது. அதிகாரி அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவரைப் பற்றி மனைவி தானாகவே பேசினாள். ஒரு மிக்சி வாங்கப் போனால்கூடக் கடைக்காரனை நூறு கேள்வி கேட்டுத் திணறடித்துவிடுவாராம். கடைக்காரன் இவர்கள் தெருமுனையில் வரும்போதே உள்ளே போய்விடுவானாம். சொல்லும்போது அவள் லேசாகச் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

3.00. அதிகாரி கதவுக் கணினியின் முன் உட்கார்ந்தாள். போலீஸ்காரர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

கான்ஃபிக் கோப்பு மூன்று இடங்களில் கிடைக்கலாம். ஒன்று, கர்னலைக் கட்டிய கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயரோடு, சாதாரணமாகக் கண்ணில் படாமல் இருக்கும். இரண்டு, கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்புறையில், கர்னலுக்குப் பக்கத்தில் ஒரு பிரதி. இந்த இரண்டையும்தான் பொறியாளர்கள் பார்த்திருந்தார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று. பொத்தானுக்கு நேரே ‘வேண்டாம்’.

மூன்றாவது இடம் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் வயிறு. அதற்கான வசதியைச் சேர்த்துக் கட்டியிருந்தால், தான் எந்தப் பதில்களால் கட்டப்பட்டோம் என்பதை அது சுருட்டித் தன்னுள்ளேயே வைத்திருக்கும். கேட்டால் கொடுக்கும். நிதானம் எப்போதும் அதைச் சேர்த்துவிடுவார், பழைய கோப்பிலிருந்து அது அப்படியே வந்திருந்தது.

அவள் மூன்றாவது பிரதியை விரித்துப் பொத்தானின் வரியைத் தேடினாள். ‘வேண்டும்’ என்றும் இல்லை, ‘வேண்டாம்’ என்றும் இல்லை. வரியே இல்லை.

பிறகு கர்னல் கட்டப்பட்ட நேரத்தைக் கேட்டாள். திரையில் வந்தது: வெள்ளி, மாலை 4.52.

அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கர்னல் கட்டுவதற்கு ஒரு சுலபமான குறுக்குவழிக் கட்டளை உண்டு; அதை அவளும் எத்தனையோ முறை அடித்திருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீட்டுக்குப் போகும் அவசரத்தில். அவள் கட்டிய இயந்திரங்களில் யாரும் சாகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கள் காலை 10.00, மேலாளரின் அறை. மேலாளர், போலீஸ்காரர், தம்பி. மனைவி கணவரின் பொருள்களை வாங்கிப் போக வந்திருந்தாள். நீங்கள் வெளியே இருக்கிறீர்களா என்று அதிகாரி அவளிடம் தனியாகக் கேட்டாள்.

“அவர் பேர் கெட்டுக் கிடக்கு. நான் இருக்கேன்” என்றாள் அவள்.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தாள். நிதானத்தினுடையது என்று சொல்லப்படும் கோப்பிலிருந்து இந்தக் கர்னல் கட்டப்படவே இல்லை. ஒருவர் யோசித்து ‘வேண்டாம்’ என்று சொன்னால் கோப்பில் அந்தப் பதில் ஒரு வரியாக நிற்கும். கேள்வியே எழாவிட்டால் வரியே இருக்காது. உண்மையான பிரதியில் வரி இல்லை. புதிய பதிப்பில் அந்தப் பொத்தான் இயக்கியைப் புதிதாக ஒரு தலைப்புக்குக் கீழே நகர்த்திவிட்டார்கள். தலைப்புக்கு ‘வேண்டும்’ என்றால்தான் உள்ளே இருக்கும் இயக்கி பிழைக்கும். தலைப்புக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால் அது தானாகவே ‘வேண்டாம்’ ஆகிவிடும். இயக்கி சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

“பழைய கோப்பை எடுத்தாள ரெண்டு கட்டளை இருக்கு. ஒண்ணு, புதுசா வந்த ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்திக் கேட்கும். இன்னொண்ணு எதையும் கேட்காது, வழக்கமான பதிலைத் தானே போட்டுக்கும். இந்தப் பதிப்புல புதுக் கேள்வி நூத்தி நாப்பத்திமூணு. நூத்தி நாப்பத்திமூணுக்கும் வழக்கமான பதில்தான் விழுந்திருக்கு. மிக்சி வாங்க நூறு கேள்வி கேட்கிற மனுஷன் செய்யற வேலையா இது?”

அவள் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

“யாருக்கும் கேட்கலைன்னு அவர் எழுதலைம்மா. பொத்தான் வேலை செய்யாம போனதும் உள்ள உட்கார்ந்து யோசிச்சிருக்கார். காரணத்தைக் கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்கார். கர்னல் கட்டும்போது அது கேள்வி கேட்கவே இல்லை. அதைத்தான் எழுதியிருக்கார். அடுத்து வர்றவங்க சரி செய்யணும்னு.”

அதிகாரி தொடர்ந்தாள்.

கட்டிய நேரம் வெள்ளி 4.52. அந்த நேரத்தில் நிதானம் ஆஸ்பத்திரி பெஞ்சில், தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருந்தார். அதற்குச் சீட்டு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். அந்தக் கணினியைத் தொடக்கூடிய மற்றவர் ஒருவர்தான். சனிக்கிழமை கதவு திறந்தபோது எல்லாரும் பிணத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பொத்தானைப் பார்த்தார். போலீஸ் வரும்வரை கிடைத்த நேரத்தில் கோப்பைத் திறந்து, நிதானம் சொல்லியிருக்கக்கூடிய பதில்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரே ஒரு இடத்தில் அவர் கைதவறியதுபோல் ‘வேண்டாம்’ எழுதி, இரண்டு பிரதிகளையும் மாற்றி, நேரத்தையும் திருத்தினார். கர்னலுக்குள் இருந்ததை அவரால் மாற்ற முடியவில்லை. அல்லது ஞாபகம் வரவில்லை.

“2.06-க்கு வந்த போன் பாப்பாவைப் பத்தி இல்லைல்ல, தம்பி?”

அவன் தலை நிமிரவே இல்லை. சொன்னான், துண்டு துண்டாக. கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல், அவசரப்படாதே என்று சொல்லிவிட்டுத்தான் மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐம்பது கேள்விவரைக்கும் சொன்னான். சலித்துப்போய் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு மற்றக் கட்டளையை அடித்துவிட்டான்; அதுவரை சொன்ன பதில்களும் அதோடு போயின. சனிக்கிழமை அவர் போன் செய்து கேட்டது ஒரே வரிதான்: பொத்தானை அழுத்திப் பார்த்தியா மச்சான்?

“பார்த்தாச்சு மாமான்னு சொன்னேன்.”

மேலாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மனைவி தம்பியின் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை, அழவும் இல்லை. அவள் கேட்டபோது குரல் வீட்டில் பேசுவதுபோல்தான் இருந்தது.

“அஞ்சரைக்கு நான் போன் பண்ணினேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“என்னைப் பார்த்துச் சொல்லு.”

அவன் பார்த்தான்.

“ஒரு நிமிஷம் நினைச்சேன்க்கா. இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

உயிர் ஆறு மணி சுமாருக்குப் பிரிந்திருக்கும் என்ற மருத்துவரின் அறிக்கை அதிகாரியின் பையில் இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் மனைவி அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

போலீஸ்காரர் எழுந்தார். மனைவி கையை நீட்டி அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். கணவரின் பொருள்கள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தம்பியின் சட்டைப்பையிலிருந்து அவன் போனை எடுத்து அவன் கையிலேயே வைத்தாள்.

“நீ செஞ்சதை அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிட்டுப் போ.”

அவன் எண்ணை அழுத்தினான். மறுமுனையில் எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்ததும், சாப்பிட்டியாப்பா என்று அம்மா கேட்டது அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.