முப்பத்தொரு ஜோடி

மடிக்கணினி சூடாக இருந்தது. கொல்லைக் கழிப்பறைக்குப் போய்விட்டு விறைத்த விரல்களோடு அறைக்குத் திரும்பிய பெர்மெத், தன் தோள்பையைத் தொட்டபோதுதான் அதை உணர்ந்தாள். காலையில் நாரின் நகரில் அணைத்து மூடிய கருவி அது. மதியம்வரை குளிர்ந்த காரில் கிடந்தது. மாலை நான்கு மணிக்கு, யாரோ மடியில் வைத்திருந்து இறக்கிய குழந்தையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்குள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். சுரங்க முதலாளிகளின் ஆட்கள் தூக்கிப்போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள், தம்பிகள், தாய்மார். ஊர் ஊராகப் போய் அவர்கள் சொன்னதை எழுதி வாங்குவதுதான் பெர்மெத்தின் வேலை. யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. அது கைமாறினால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

அவள் ஒன்றும் ஏமாளி அல்ல. விடுதிகளின் வைஃபையைத் தொடமாட்டாள். அடுத்தவர் சார்ஜரைக் கடன் வாங்கமாட்டாள். கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, யாராவது கழற்றினால் தெரியட்டும் என்று அடிப்பக்கத் திருகாணிகளில் நகப்பூச்சுகூடப் பூசியிருந்தாள். கடவுச்சொல்லை நீளமாக வை, எங்கும் எழுதாதே, மறக்கவே முடியாததாக வை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கிர்கிஸ் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் மறக்காதது ஒன்றே ஒன்றுதான்: ஏழு தலைமுறைத் தகப்பன்களின் பெயர்.

கையைப் பையிலிருந்து மெல்ல எடுத்தாள்.

கணவாயைப் பனி மூடிவிட்டதால் மதியம் அவளும் காரோட்டியும் இந்த வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். வீட்டுக்காரன் ரீஸ்பாய், கன்னம் சிவந்த, சிரித்த முகக்காரன், பாதிக் கிண்ணம் தேநீரை நீட்டிக்கொண்டே எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டான்.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? ஏழு அப்பனச் சொல்லு பாப்போம்."

"சொல்லு தங்கச்சி," என்றார் காரோட்டி கூபாத். "ஏழு அப்பன் தெரியாதவன் அடிமைன்னுவாங்க. அந்தப் பைய புள்ளத்தாச்சி வயித்தப் புடிக்கிற மாதிரி புடிச்சிட்டிருக்கியே, அத யாரு திங்கப்போறா?"

அவள் சிரித்தபடி ஒப்பித்தாள். சாப்பார், இசாபெக், தோல்கான், மாம்பெத், எசெங்குல், போஸ்தோன், காராச்.

"நல்ல வம்சம்," என்றான் ரீஸ்பாய். "இன்னொரு தரம் நிதானமா சொல்லும்மா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

நிதானமாகச் சொன்னாள். அதன்பின் கூபாத் எஞ்சின் உறையாமலிருக்கக் கம்பளி போர்த்தப் போனார். அவர் இன்னும் திரும்பவில்லை.

கணினியைத் திறந்தாள். கடைசியாகத் திறந்த கோப்பு எது, எப்போது என்று திரை காட்டியது. சாட்சிகளின் பட்டியல். கால் மணி நேரத்துக்கு முன்.

பயம் வரவேண்டும். வரவில்லை. அரைநாள் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதுபோல உள்ளே என்னவோ மரத்திருந்தது. அணைக்க வேண்டும், ஆட்களை எச்சரிக்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்தது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது சுவருக்கு அப்பால், அடுப்பு எரியும் அறையிலிருந்து, ரீஸ்பாயின் குரல் கேட்டது. விருந்தாளியை வாசலில் வரவேற்கும் கனிந்த குரல்.

"கோக்சாய் ஊரு உல்பொசுன். வாம்மா, உள்ள வா."

பட்டியலின் முதல் பெயர்.

வெளிக்கதவு திறக்கும் சத்தம். தரையோடு ஊர்ந்து வந்த குளிர் அவள் கணுக்காலைத் தொட்டது. யாரோ பனியை உதறக் காலைத் தட்டும் சத்தம், இரண்டு தட்டு. கதவு சாத்திக்கொண்டது.

"அக்தால் ஊரு மிர்சா. வாப்பா."

கதவு. குளிர். இரண்டு தட்டு.

ஜன்னலைப் பார்த்தாள். முற்றத்துப் பனியில் ஒரு கால்தடமும் இல்லை. கூபாத்தின் தடமும் இல்லை.

மூன்றாவது பெயர். நான்காவது. அவள் எழுதிய வரிசை மாறவே இல்லை. பத்து. பதினேழு. ஒவ்வொருவருக்கும் ஒரு வாம்மா, ஒரு வாப்பா. இருபத்தாறு. முப்பது.

"ஆனார்குல். வாம்மா. ரொம்ப தூரத்துலேந்து வந்திருக்க."

ஆனார்குலை எல்லைக்கு அப்பால் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. வெறுங்காலோடு ஓடிவந்தவளுக்குத் தன் பழுப்பு நிறக் காலணியைக் கழற்றிக் கொடுத்தவள் பெர்மெத்தான்.

கதவு. குளிர். இரண்டு தட்டு. அமைதி.

எழுந்தாள். கால்கள் நடந்தன.

வாசல் நடையில் சுவரோரமாக முப்பத்தொரு ஜோடிக் காலணிகள் இருந்தன. ரப்பர் காலணி, கம்பளிக் காலணி, கிழவர்களின் தோல் காலணி. அடுப்புச் சூட்டிலும் அவற்றின் மேல் இருந்த பனி உருகவில்லை. கடைசியில் அந்தப் பழுப்பு ஜோடி.

அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ரீஸ்பாய் மட்டும் அடுப்பின் முன் குந்தியிருந்தான். நடைக்குக் கை நீட்டி உல்பொசுனின் ரப்பர் காலணியை எடுத்து நெருப்பில் போட்டான். பிறகு மிர்சாவுடையது. தோல் கருகும் நாற்றம் எழுந்தது.

"இனிமே இவங்க எங்கயும் போகவேண்டாம்," என்றான், திரும்பாமலே. "உன்னோடதயும் குடும்மா."

பெர்மெத் வரிசைக்கு அப்பால் கிடந்த தன் ஜோடியை எடுத்து, அவன் கையில் கொடுத்தாள்.